ஓட்டுக்கு உள்ளூர், டிக்கெட்டுக்கு வெளியூரா? பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் ஐயாவுக்கும் சபை உறுப்பினர்கள் எல்லாருக்கும்,

டவுன் சிறுவர் பூங்காவுல நீங்க கட்டின தண்ணி விளையாட்டுத் திடலோட டிக்கெட் ஜன்னலுக்கு மேல ஒரு போர்டு தொங்குது. பிரதேசவாசி: சிறுவர் 100 ரூபா, பெரியவர் 50 ரூபா. வெளியாள்: சிறுவர் 400 ரூபா, பெரியவர் 200 ரூபா. (வெளியாள்ங்கிறதை "வெளியால்"னு எழுதி வச்சிருக்கீங்க, அதையும் ஒரு தடவை பாத்துக்குங்க.) 2025 ஆகஸ்ட் லீவுல அந்த போர்டுக்குக் கீழ ஒரு மணித்தியாலம் நின்னுட்டு திரும்பி வந்தவ நான். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பத்தித்தான் இந்த மடல்.

நான் பொறந்தது உங்க டவுனுக்கு மேல, பஸ்ஸுல பதினஞ்சு நிமிஷ தூரத்துல இருக்கிற தேயிலைத் தோட்டத்துல. படிச்சது டவுன் ஸ்கூல்ல. இப்ப டவுன்லயே ஒரு கொம்யூனிகேஷன் கடையில போட்டோகொப்பி அடிக்கிற வேலை பாக்குறேன், உங்க சபைக்கு வர்ற பாதிப் பேரோட விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் குடுக்கிறதே நான்தான்னு வச்சுக்கங்களேன். என் புள்ளைங்க ரெண்டு, தங்கச்சி புள்ளைங்க மூணு, தங்கச்சி, நான், எங்க அம்மாவைப் பெத்த அம்மாயி, ஆக மொத்தம் எட்டுப் பேரு அன்னிக்கு வந்தோம். அம்மா வரல, கொழுந்து எடுக்கிற நாளு, போகாட்டி பேரு, அதாவது அன்னிய சம்பளம், போயிரும். இந்தக் குளிர்ல தண்ணி விளையாட்டான்னு சிரிச்சுட்டுத்தான் வேலைக்குப் போச்சு, ஆனா புள்ளைங்களுக்குக் குளிராவது ஒண்ணாவது. திறப்பு விழா போட்டோவை ஃபேஸ்புக்குல பாத்த நாள்ல இருந்து அந்தப் பெரிய வாளியப் பத்தித்தான் பேச்சு, தலைக்கு மேல நிரம்பி நிரம்பி தானாக் கவுருமே, அது.

நான் வீட்டுலயே கணக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன். அஞ்சு புள்ளைக்கு 500, பெரியவங்க மூணு பேருக்கு 150, மொத்தம் 650. பஸ்ஸு, வடை, தேத்தண்ணி எல்லாம் சேத்து கையில 2000 ரூபா. ஜன்னல்ல இருந்த தம்பி ஐடென்டி கார்டை வாங்கிப் பாத்தாரு, பின்னாடி திருப்பிப் பாத்தாரு, தோட்டத்துப் பேரைப் பாத்ததும் முகம் மாறிருச்சு. "அக்கா, சோலைவரி ரசீது இருக்கா? இல்லாட்டி உங்க பேர்ல கரண்ட் பில்லு, தண்ணி பில்லு ஏதாச்சும்?" சோலைவரின்னா சொந்த வீட்டுக்கு சபைக்குக் கட்டுற வரி, அந்த ரசீதும் இல்ல, பில்லும் இல்லைன்னேன். "அப்ப வெளியாள் ரேட்டுதான் அக்கா, 2600 வரும்"னாரு.

2600 ரூபா. 2024 செப்டம்பர்ல பெரிய போராட்டத்துக்கெல்லாம் அப்புறம் தோட்டத்து நாள் சம்பளம் 1350 ஆச்சு, நாங்க வந்த அன்னிக்கும் அதுதான், அதுவும் சொன்ன கிலோ வந்தாத்தான் முழுப் பேரு, வராட்டி அரைப் பேரு. எங்கம்மா அட்டைக் கடியில நின்னு ரெண்டு நாள் முழுப் பேரு போட்டா உங்க வாளிக்கு அடியில எங்க குடும்பம் நிக்கலாம், கையில 100 ரூபா மிஞ்சும்.

அந்தத் தம்பியக் குத்தம் சொல்லல. அவரும் ஒரு தோட்டத்துப் பையன்தான். பின்னாடி லைன் நீண்டுக்கிட்டு இருந்தப்ப மெதுவா சொன்னாரு, "என் வீட்டுல இருந்து வந்தாலும் இதே கதைதான் அக்கா, மேல இருந்து சொன்னதத்தான் நான் செய்யுறேன்"னு. அதாவது அந்த டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுக்கிற மனுசனே உங்க கணக்குல வெளியாள்.

இப்ப நீங்க கேக்குற மூணு கடுதாசியும் ஏன் எங்ககிட்ட இல்லைன்னு சொல்றேன், இது உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா தெரியாத மாதிரி ரூல்ஸ் போட்டிருக்கீங்க. சோலைவரி வீட்டுக்காரன் கட்டுறது, நாங்க இருக்கிற லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறை, எங்களுதில்ல. நிலம் அரசாங்கத்தோடது, 1992ல தோட்டங்களை நடத்துறதுக்கு கம்பனிகள்கிட்ட குடுத்தாங்க, நாங்க மூணு தலைமுறையா குடியிருக்கிற காம்பராவுக்கு எங்ககிட்ட உறுதிப் பத்திரமும் இல்ல, வீட்டு நம்பரும் இல்ல. உறுதி இல்லாதவன்கிட்ட எப்படி சோலைவரி ரசீது இருக்கும்? கரண்ட் மீட்டர் எங்க தாத்தா பேர்ல இருக்கு, அவர் செத்து ஒம்பது வருஷம், பேர் மாத்தப் போனா தோட்டத்து ஆபீஸ் கடிதம் வேணும்பாங்க, ஆபீஸ்ல கேட்டா நாளைக்கு வாம்பாங்க. தண்ணி பில்லுன்னு ஒண்ணு நாங்க கண்ணால பாத்ததே இல்ல, மேல் மலை ஊத்துல இருந்து பைப்பு, பீலியில விழுகும், புடிச்சுக்கிறது. தபால்கூட எங்களுக்குத் தனியா வராது, மொத்த தோட்டத்துக்கும் ஒரே விலாசம், ஆபீஸ்ல குவிச்சுக் கிடக்கும், இன்டர்வியூ முடிஞ்சு மூணு நாள் கழிச்சு இன்டர்வியூ கடிதம் கைக்கு வந்த புள்ளைங்க எங்க லயத்துலயே இருக்கு.

ரெண்டு விலை வைக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல, இதைத் தெளிவா சொல்லிர்றேன், இல்லாட்டி கூட்டத்துல யாராவது எந்திரிச்சு "இவங்களுக்கு எல்லாமே சும்மா வேணும்"பாங்க. பேராதனைப் பூங்காவுல, ஹோட்டன் சமவெளியில வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை, அது நியாயம்தான். வெளிநாடுகள்லயும் நகர சபைங்க நடத்துற தண்ணி விளையாட்டு இடங்கள்ல ஊர்க்காரருக்குக் குறைச்சு வைக்கிறது இருக்கு, அந்த இடத்தைக் கட்டி நடத்துறதுல ஊர்க்காரர் வரி ஏற்கனவே போயிருக்குங்கிறதுதான் அங்க சொல்ற காரணம். பம்புக்குக் கரண்ட் செலவு, குளோரின் செலவு, ஒரே தண்ணியத் திரும்பத் திரும்ப சுத்தி விடுற மாதிரி இருந்தா ஃபில்டர் கழுவுற செலவு, காவலுக்கு நிக்கிற ரெண்டு பேர் சம்பளம், எல்லாம் எங்கயிருந்தோ வரணும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போற வேன் எல்லாம் நம்ம டவுனத் தாண்டித்தான் போகுது, அவங்ககிட்ட 400 இல்ல 500 வாங்குங்க, நான் கை தட்டுவேன்.

என் சண்டை விலையோட இல்ல. யாரை ஊர்க்காரன்னு எழுதுறீங்கங்கிறதோட.

ஏன்னா அன்னிக்கு எங்களுக்குப் பின்னாடி நின்ன குடும்பம் கொழும்பு நம்பர் வேன்ல வந்தது. நல்ல மனுசங்க, எங்க சின்னவனுக்கு பிஸ்கட்டு கூட குடுத்தாங்க. அவங்களுக்கு டவுனுக்கு மேல ஒரு லீவு பங்களா இருக்காம், வருஷத்துல ரெண்டு மூணு தடவை வருவாங்களாம், போன்ல இருந்து சோலைவரி ரசீதோட போட்டோவக் காட்டினாங்க, 100 ரூபா டிக்கெட்ல உள்ள போயிட்டாங்க. அவங்களுக்கு ஏன் குடுத்தீங்கன்னு கேக்கல. வருஷம் 365 நாளும் இந்த மலையில குளிருல கிடக்கிறவன் வெளியாளு, லீவுக்கு வர்றவன் பிரதேசவாசின்னு ஒரு ரூல்ஸ் முடிவு சொன்னா அந்த ரூல்ஸுல ஏதோ கோளாறுன்னு சபையில ஒருத்தருக்குக்கூடவா தோணல?

அம்மாயி பத்தி சொல்லணும். அதுக்கு இப்ப 78 வயசு. தண்ணியில இறங்கப் போறதில்ல, புள்ளைங்க துணிய மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காரப் போகுது, அதுக்கும் 200 ரூபா. தம்பி கடுதாசி கேட்டதும் அது என்ன ஏதுன்னு கேக்காம முந்தானையில இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துருச்சு. அதுல ஐடென்டி இருக்கு, கிளினிக் அட்டை இருக்கு, மடிச்சு மடிச்சுக் கிழியப் போற பிரஜாவுரிமைக் கடுதாசி இருக்கு. வெளிய எங்க போனாலும் அதை எடுத்துக்கிட்டுத்தான் போகும், கோயிலுக்குப் போனாலும். 1948ல சட்டம் போட்டு இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆளுங்களை நாடில்லாதவங்களா ஆக்கினப்ப அது கைக்குழந்தை. யாரு இங்க, யாரு இந்தியாவுக்குன்னு ரெண்டு நாடும் பிரிச்ச 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அதோட அண்ணன் குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க, இது போகல, ஆனா இங்கேயும் ஆளாகல. 2003ல கடைசியா ஒரு சட்டம் வந்து நாடில்லாம இருந்த மிச்சப் பேருக்கும் பிரஜாவுரிமை குடுத்தப்பதான் அம்மாயி கையில கடுதாசி வந்துச்சு, ஐம்பது வயசு தாண்டி. அந்த உறையை உங்க ஜன்னல்ல நீட்டிச்சு. தம்பி வாங்கல, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அம்மாயி என்னைப் பாத்து "இதுவும் பத்தாதாமா?"ன்னு கேட்டுச்சு, எனக்குப் பதில் சொல்ல ஏலாமப் போச்சு.

சபைக்கும் எங்களுக்கும் இது முதல் தடவையும் இல்ல. 1987ல வந்த பிரதேச சபைச் சட்டத்துல 33வது பிரிவுன்னு ஒண்ணைக் காட்டி, தோட்டத்துக்குள்ள சபைக் காசு போட ஏலாது, அது கம்பனி இடம்னு முப்பது வருஷம் சொன்னாங்க. ரோட்டுல குழின்னு வந்தா 33, லைட்டு இல்லைன்னு வந்தா 33. அப்பவும் ஓட்டு மட்டும் நாங்க இதே சபைக்குத்தான் போட்டோம். 2018ல அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க, இனி தோட்டத்துக்குள்ளயும் சபைக் காசு போடலாம்னு ஆச்சு, எங்க லயத்துல வெடி கூட போட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு அதே கதை டிக்கெட் ஜன்னல்ல வந்து நிக்குது, பிரிவு நம்பர் மட்டும் இல்ல.

2025 மே 6ஆம் தேதி நடந்த தேர்தலுக்கு முன்னாடி, ஐயா, நீங்க எங்க லயத்துக்கு வந்தீங்க. மழை, சேறு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஏறி வந்தீங்க, எங்க காம்பராவுல தேத்தண்ணி குடிச்சீங்க. ஒரு காம்பரா விடல. அப்ப யாரும் எங்ககிட்ட சோலைவரி ரசீது கேக்கல. வாக்காளர் இடாப்புல எங்க பேரு எந்தப் பக்கத்துல எத்தனையாவது வரியில இருக்குங்கிறது உங்க ஆளுங்க கைப்பேப்பர்ல இருந்துச்சு. ஓட்டுக் கேக்க அந்த இடாப்பு போதும்னா தண்ணியில நனைய மட்டும் ஏன் போதாது?

தண்ணின்னதும் இன்னொண்ணு. அந்த வாளிக்கு வர்ற தண்ணி டவுன் டாங்கியில இருந்து வருது, டவுன் டாங்கிக்கு வர்ற பைப்பு எங்க தோட்டத்து ஏழாம் நம்பர் மலைக்குள்ளாற போகுது. மேல இருக்கிற ஓடையிலதான் கட்டி எடுத்திருக்கு. பைப்பு வெடிச்சா முதல்ல பாக்குறது கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கதான், அவங்கதான் ஆளனுப்பிச் சொல்றது. எங்க பீலியில காலையில ரெண்டு மணித்தியாலம், அந்தியில ஒரு மணித்தியாலம்தான் தண்ணி. இந்த மலைத் தண்ணி எங்கெங்கேயோ போகுது, கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் இங்கிட்டு இருந்து இறங்கித்தான் களனி கங்கை ஆகுது, கொழும்பே அதைத்தான் குடிக்குது, காசல்ரீ, மவுசாகலைன்னு டேம் கட்டி கரண்டும் எடுக்குறாங்க, மவுசாகலையில பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போச்சு. போகட்டும், யாருக்கும் தண்ணி குடுக்காதன்னு எங்க ஆளுங்க ஒருநாளும் சொன்னதில்ல. அந்தத் தண்ணியில நாலு மடங்கு காசு குடுத்து நனையுறதுதான் வயித்தெரிச்சல்.

என் தங்கச்சி விஷயம் இன்னும் மோசம். அது கட்டிப் போனது ஓடைக்கு அந்தப் பக்கத்து தோட்ட டிவிஷனுக்கு. முன்னாடி எல்லாம் ஒரே சபைதான். நுவரெலியா மாவட்டத்துல நுவரெலியா, அம்பகமுவ ரெண்டு சபையையும் ஆறாப் பிரிச்சாங்களே, 2018 தேர்தல் அந்தப் பிரிப்புப்படிதான் நடந்தது, நல்ல காரியம், ஒவ்வொரு சபையும் அவ்வளவு பெருசா இருந்துச்சு. ஆனா கோடு ஓடையில விழுந்திருச்சு. தங்கச்சி புள்ளைங்க படிக்கிறது உங்க டவுன் ஸ்கூல்ல, கிளினிக் உங்க டவுன்ல, சந்தை உங்க டவுன்ல, மாசச் சம்பளம் வாங்கி சாமான் எடுக்கிறது உங்க கடைகள்ல, அந்தக் கடைக்காரங்க கட்டுற வரியும் உங்களுக்கு. அதுங்க சபையோட டவுனுக்குப் போகணும்னா ரெண்டு பஸ் மாறணும். நாளைக்கு எனக்கு நீங்க 100 ரூபா ஆக்கினாலும் தங்கச்சி புள்ளைங்க 400லதான் நிக்கும். ஒரே ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட புள்ளைங்க அஞ்சு பேருல ரெண்டு பேரு உள்ள, மூணு பேரு வெளிய நிக்கிறதை எந்த அம்மாவால பாக்க முடியும்?

அன்னிக்கு நாங்க உள்ள போகல. புள்ளைங்க மட்டும் போகட்டும்னா அதுக்கே 2000, அதோட பத்து வயசுக்குக் கீழன்னா பெரியவங்க ஒருத்தர் கூடப் போகணுமாம், அதுக்கு 200, கையில இருந்த காசு அதுக்கே பத்தல. அஞ்சும் கம்பி வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. வாளி நிரம்புறப்ப எல்லாம் உள்ள இருக்கிற புள்ளைங்க கத்தும், வெளிய நிக்கிற எங்க புள்ளைங்களும் சேர்ந்து கத்தும். சின்னவனுக்கு மேல காத்துல நாலு சொட்டுத் தெறிச்சுச்சு, அதுக்கே குதிச்சான். வடை வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தோம். பஸ்ஸுல பெரியவ கேட்டா, "நம்ம எந்த ஊரும்மா?"ன்னு.

மூணு நாள் கழிச்சு தங்கச்சியோட மூத்தவன், பதினொரு வயசு, இன்னும் நாலு பசங்களோட டேம் பக்கம் குளிக்கப் போயிட்டான். பச்சையா சாந்தமா கிடக்கிற தண்ணி, உள்ள எவ்வளவு ஆழம், எங்க சேறுன்னு பெரியவங்களுக்கே தெரியாது, கரையில இருந்து நாலடியில கால் எட்டாது. அந்தப் பக்கம் புல்லறுக்கப் போனவங்க கண்டு விரட்டி விட்டாங்க. தங்கச்சி அவனை அடிச்ச அடி எனக்குத்தான் வலிச்சுச்சு. இந்த மலைநாட்டுல டேம்லயும் ஓயாவுலயும் எத்தனை புள்ளைங்களைக் குடுத்திருக்கோம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, செத்த வீட்டுக்கு மாலையோட நீங்களும் வந்திருக்கீங்க. முழங்கால் அளவு தண்ணி, காவலுக்கு ஆளு, சுத்தி வேலின்னு ஒரு இடம் கட்டினது நீங்க செஞ்ச நல்ல வேலை, மனசார சொல்றேன். அந்த இடம் யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் புள்ளைங்களையே 400 ரூபா போட்டு டேம் பக்கம் தள்ளி விடாதீங்க.

இனி நான் கேக்குறதைச் சொல்றேன்.

முதல்ல அந்த ஜன்னல்ல சோலைவரி ரசீதையும் பில்லையும் மட்டும் கேக்குறதை நிறுத்துங்க. ஐடென்டி கார்டுல தோட்டத்து விலாசம் இருந்தா அதுவே போதும்னு எழுத்துல குடுங்க, அது இல்லாட்டி கிராம சேவகர் சான்றிதழ், இல்லாட்டி வாக்காளர் இடாப்புல பேரு, இல்லாட்டி தோட்டத்து செக்ரோல் (சம்பளப் பதிவு) நம்பர், இதுல எது ஒண்ணு இருந்தாலும் பிரதேசவாசிதான். புள்ளைங்ககிட்ட எந்தக் கடுதாசியும் கேக்காதீங்க, உங்க டவுன் ஸ்கூல்ல படிக்கிற எந்தப் புள்ளையா இருந்தாலும், எந்த சபை எல்லைக்குள்ள தூங்குனாலும், ஸ்கூல் பேட்ஜைக் காட்டினா 100 ரூபான்னு ஆக்குங்க. தண்ணியில இறங்காம துணைக்கு வர்ற ஆளுக்கு, முக்கியமா வயசானவங்களுக்கு, டிக்கெட்டே வேணாம். மாசத்துல ஒருநாள், சம்பளத்துக்கு அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை, தோட்டத்து முன்பள்ளிப் புள்ளைங்களை டிவிஷன் டிவிஷனா இலவசமாக் கூட்டிட்டு வர ஏற்பாடு செய்யுங்க, சபை லொறி இருக்கு, தேர்தலுக்கு ஓடுன ரோட்டுலயே அது ஓடும். வெளியாளுக்குப் போட்ட 400ஐ 500 ஆக்கி இந்தச் செலவை ஈடு கட்டுங்க, நான் ஏற்கனவே சொன்ன மாதிரி கை தட்டுவேன்.

அடுத்தது, இந்த விலையும் இந்தக் கடுதாசி ரூல்ஸும் எந்தக் கூட்டத்துல, எந்தத் தேதியில, யார் முன்மொழிஞ்சு நிறைவேத்தினதுன்னு சபை விளம்பரப் பலகையில சிங்களத்துலயும் தமிழ்லயும் ஒட்டுங்க. ஒட்டாட்டி 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்க தகவல் உத்தியோகத்தர்கிட்ட நான் பாரம் குடுப்பேன், பதினாலு வேலை நாளைக்குள்ள முடிவு சொல்லணும்னு அதுல இருக்கு. பாரம் நிரப்புறதுதான் என் வேலையே, எனக்கு அது கஷ்டமில்ல.

டிசம்பர் லீவு விடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் நடக்கணும். எங்க லயத்துல இப்ப புள்ளைங்க பெயின்ட் வாளி ஒண்ணுல ஓட்டை போட்டு பீலிக்கு மேல கட்டி வச்சு, நிரம்ப நிரம்பக் கவுத்து விளையாடுதுங்க. காலையில ரெண்டு மணித்தியாலத் தண்ணி அதுலயே போகுதுன்னு லயமே சத்தம் போடுது.

அடுத்த மாசச் சபைக் கூட்டத்துக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன், அம்மாயியும் வருதாம். அந்த பிளாஸ்டிக் உறையை வீட்டுல வச்சுட்டு வரலாமா, கையோட கொண்டு வரணுமான்னு அதுக்கு முன்னாடி சொல்லிருங்க.

இப்படிக்கு,
உங்க டவுனுக்கு மேல் தோட்டத்துல இருந்து ஒரு பிரதேசவாசி